சுரங்கம் வருமுன் வயலில் ஒரு நடை

மேற்கு ஜெர்மனியில், கொலோன் நகருக்கும் ஆஹன் நகருக்கும் நடுவே, சர்க்கரை பீட்ரூட் அறுவடை முடிந்து உழுது போட்ட வயல். குளிர்காலம். இரண்டு மூன்று மழை பெய்து மண்கட்டிகள் கரைந்திருக்கின்றன. ஐந்தாறு பேர் வரிசையாக, ஒருவருக்கொருவர் சில மீட்டர் இடைவெளி விட்டு, தலையைக் குனிந்தபடி மெதுவாக நடக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், யாரோ தொலைத்த மோதிரத்தை ஊரே சேர்ந்து தேடுவதாகத்தான் தோன்றும். ஒருவர் நின்று, விரல் நகம் அளவுள்ள கல் சில்லு ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்க்கிறார். கிடந்த இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு, சில்லை எண் எழுதிய பையில் போட்டுவிட்டு மீண்டும் நடக்கிறார். அடிவானத்தில், பல மாடிக் கட்டடம் ஒன்று எழுந்து நடந்துவருவதைப் போல ராட்சச எந்திரம் ஒன்று மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. சில ஆண்டுகளில் அது இந்த வயலுக்கும் வந்துவிடும்.

நடப்பவர்கள் தொல்லியலாளர்கள். அந்த எந்திரம் வருமுன் வயலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் அவர்கள் வேலை. இதில் ஒரு சங்கடம். அந்த வயல் ஏற்கெனவே பலநூறு ஆண்டுகளாக உழப்பட்ட வயல். கலப்பை கிளறிய மண்ணில் வரலாறு எங்கே மிச்சமிருக்கப்போகிறது?

பலரும் கேட்கும் கேள்விதான். “உழுத நிலம்தானே, எல்லாம் கலைந்துபோயிருக்கும்” என்று சொல்லிவிட்டால் சுரங்க நிறுவனத்துக்கும் செலவு மிச்சம், அதிகாரிக்கும் கோப்பு முடிந்தது. ஒரு காலத்தில் தொல்லியலாளர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். உழவுமண் என்பது சீக்கிரம் வாரி ஒதுக்க வேண்டிய குப்பை, உண்மையான வரலாறு அதற்குக் கீழேதான் என்பது அவர்கள் கணக்கு. ரைன்லாந்து எனப்படும் இந்த வட்டாரத்தின் சுரங்கப் பகுதியில் நடந்த வேலை அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பதைக் காட்டியிருக்கிறது. அது எந்த இடத்தில் சரி என்பதையும் காட்டியிருக்கிறது.

முதலில் இடத்தைப் பற்றி. இங்கே தரைக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. நெய்வேலியில் எடுப்பதே அதுதான். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு அங்கே வந்து இறங்கிய வாளிச்சக்கர எந்திரங்களும் ஜெர்மனியில் செய்யப்பட்டவையே. ஆகவே கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ரைன்லாந்தில் அளவு வேறு. கார்ட்ஸ்வைலர், ஹம்பாஹ், இண்டன் என்று மூன்று திறந்தவெளிச் சுரங்கங்கள். 1978-ல் தோண்டத் தொடங்கிய ஹம்பாஹுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட பரப்பு 85 சதுர கிலோமீட்டர். ஆழம் 400 மீட்டரைத் தொடும். அங்கே வேலை செய்த 288 என்ற எண்ணுள்ள எந்திரம் 96 மீட்டர் உயரம், 13,500 டன் எடை. ஒரு நாளில் 2,40,000 கன மீட்டர் மண்ணைப் பெயர்க்கும். 2001-ல் அதை ஹம்பாஹிலிருந்து கார்ட்ஸ்வைலருக்கு 22 கிலோமீட்டர் தரைவழியாகவே ஓட்டிச் சென்றார்கள். நெடுஞ்சாலை, ஆறு எல்லாவற்றையும் கடந்து மூன்று வாரப் பயணம்.

நிலக்கரிக்கு மேலே, தரையோடு தரையாக இருப்பது லோயஸ் என்ற மஞ்சள் மண். பனியுகத்தில் காற்று அடித்துக்கொண்டு வந்து படிய வைத்த மெல்லிய தூசு அது. மாவு போல இருக்கும். கல் இருக்காது, ஈரம் தாங்கும், பொன் விளையும். மத்திய ஐரோப்பாவின் முதல் உழவர்கள் தேடிப் பிடித்து உட்கார்ந்ததும் இதே மண்ணில்தான். பொ.யு.மு. 5300 வாக்கில் இங்கே வந்து காட்டை வெட்டி எம்மர், ஐன்கார்ன் என்ற பழங்கோதுமைகளை விதைத்தார்கள். பானைகளில் கோடு கோடாக நாடா போன்ற கீறல் அலங்காரம் போட்டதால் தொல்லியலாளர்கள் அவர்களைக் கோட்டுப்பானைப் பண்பாட்டினர் என்கிறார்கள். பிறகு இரும்புக்காலத்தவர், ரோமானியர், இடைக்காலக் குடியானவர் என்று அடுத்தடுத்து வந்தவர்களும் இந்த மண்ணை விடவில்லை. ஆக, அடியில் நிலக்கரி, மேலே ஏழாயிரம் ஆண்டு வேளாண்மை. இரண்டும் ஒரே இடத்தில் அமைந்ததுதான் சிக்கல்.

கலப்பை என்ன செய்கிறது? டிராக்டர் உழவு சுமார் 25, 30 சென்டிமீட்டர் ஆழம் போகும். அந்த ஆழத்துக்குள் இருந்த வீட்டுத் தரை, அடுப்பு, நடைபாதை எதுவும் மிஞ்சாது. எந்தப் பொருள் எதன் மேல் கிடந்தது என்ற வரிசையும் போய்விடும். புதிய கற்காலக் கத்திச் சில்லும் ரோமானியக் கூரை ஓடும் போன நூற்றாண்டுப் பீங்கானும் ஒரே மண்ணில் கலந்துவிடும். இதெல்லாம் இழப்புதான். ஆனால் பொருள்கள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்பதைப் பலர் மிகையாகவே கற்பனை செய்திருந்தார்கள்.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ஆல்பர்ட் அமர்மன் என்ற ஆய்வாளர் இத்தாலியின் கலாப்ரியா பகுதி வயல்களில் சின்னச் சின்ன ஓடுகளை வேண்டுமென்றே புதைத்து, உழவுக்குப் பிறகு எவை எங்கே போயின என்று பின்தொடர்ந்தார். 1985-ல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் ஓடெல், கோவன் என்ற இருவர் ஆயிரம் கல் சில்லுகளை ஒரு வயலில் போட்டுத் திரும்பத் திரும்ப உழுது பார்த்தார்கள். இரண்டு சோதனைகளிலும் தெரிந்தது இதுதான்: எந்த ஒரு நேரத்திலும் மேலே கண்ணில் படுவது மண்ணுக்குள் உள்ளவற்றில் நூற்றுக்கு ஐந்தாறு மட்டுமே. பெரிய துண்டுகள் மேலே வந்து நிற்கும், பொடிகள் கீழே இறங்கும். பக்கவாட்டில் நகர்வதோ சில மீட்டர்தான். ஓர் அறையின் மூலை எது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வீட்டு மனை எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லலாம்.

ஐந்தாறு விழுக்காடு என்பது குறைவாகத் தோன்றலாம். தேர்தல் கருத்துக்கணிப்பில் எத்தனை பேரைக் கேட்கிறார்கள்? ஒழுங்காகப் பொறுக்கினால் சிறு மாதிரியே போதும். ஒழுங்காகப் பொறுக்குவதில்தான் வித்தை இருக்கிறது.

அதனால் நடப்பதற்கு நேரம் காலம் பார்க்கிறார்கள். உழுத உடனே நடந்தால் பயனில்லை. எல்லாம் மண் பூசிக்கொண்டு ஒரே நிறத்தில் கிடக்கும். மழை பெய்து கழுவ வேண்டும். வெயில் உச்சியில் இருக்கக் கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில்தான் சில்லின் விளிம்பு பளிச்சிடும். பயிர் எழும்பிவிட்டால் தரை தெரியாது. ஆக, அறுவடைக்கும் அடுத்த முளைப்புக்கும் நடுவே கிடைக்கும் சில வாரங்களே இந்த வேலைக்குரிய பருவம். நடப்பவரின் கண்ணும் கணக்கில் சேரும்: ஒருவர் கல் சில்லைத் தவறவிடமாட்டார், பானை ஓட்டைப் பார்க்காமல் தாண்டிவிடுவார், இன்னொருவர் நேர்மாறு. யார் எந்த வரிசையில் நடந்தார், அன்று தரை எப்படி இருந்தது என்பதையும் எழுதி வைப்பது அதனால்தான். எழுதாவிட்டால், பொருள் கிடைக்காத இடம் உண்மையிலேயே வெற்றிடமா, பொறுக்கியவர் களைத்துப்போனாரா என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

லோயஸ் மண்ணில் நடப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. காற்று கொண்டுவந்த தூசில் கல் இருக்க வழியில்லை. ஆகவே தடித்த லோயஸ் படிந்த வயலில் ஒரு கல் கிடந்தால், பெரும்பாலும் யாரோ ஒரு மனிதர் அதைக் கொண்டுவந்திருக்கிறார். எங்கிருந்து என்று கேட்டால் கதை விரிகிறது. இங்கே கிடைக்கும் முதல் உழவர்களின் தீக்கல் சில்லுகளில் பெரும்பகுதி மாஸ் நதியோரம், இன்றைய நெதர்லாந்தின் ரைக்ஹோல்ட் பகுதியிலிருந்து வந்தவை. பிற்காலத்துச் சாக்லேட் நிறக் கோடரிகள் ஆஹனை ஒட்டிய லூஸ்பெர்க் குன்றில் கற்கால மனிதர்கள் வெட்டி எடுத்த கல். மரம் செதுக்கும் வாய்ச்சிகளுக்கான கரும்பச்சைக் கல்லோ பொஹீமியாவிலிருந்து, பலநூறு கிலோமீட்டர் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் சொல்லப் பெரிய அகழாய்வு தேவையில்லை. வயலில் பொறுக்கிய பை ஒன்றே போதும்.

அதே வயல் பொய்யும் சொல்லும். வீட்டுக் குப்பையும் சாணமும் சேர்ந்த எருவை வயலில் கொட்டுவது நம் ஊரில் தெரிந்த பழக்கம். ஐரோப்பாவிலும் நூற்றாண்டுக் கணக்கில் அதுவே நடந்தது. எருவோடு உடைந்த சட்டியும் வயலுக்குப் போகும். ஊரே இல்லாத இடத்தில் ஊர் ஓடுகள் பரவலாகக் கிடப்பது இப்படித்தான். திட்டாக, அடர்த்தியாகக் கிடந்தால் குடியிருப்பு; மெல்லிய பரவலாகக் கிடந்தால் எரு. இந்த வேறுபாட்டைப் பிடிக்கத்தான் ஒவ்வொரு துண்டின் இடத்தையும் தனித்தனியே குறிக்க வேண்டியிருக்கிறது. வயல் முழுவதையும் ஒரே சாக்கில் வாரிக் கட்டிய பழைய காலச் சேகரிப்புகள் பல இன்று எதற்கும் உதவாமல் அலமாரியில் கிடக்கின்றன.

ரைன்லாந்தில் இன்னொரு குப்பையும் சேர்ந்துகொண்டது. 1944 நவம்பரில் நேச நாட்டு விமானங்கள் யூலிஹ், டூரன் நகரங்களைத் தரைமட்டமாக்கின. அதன்பின் மாதக்கணக்கில் ரூர் ஆற்றங்கரையில் போர்முனை நின்றது. வயலெங்கும் குண்டுச் சிதறல். மண்ணுக்குள் இருக்கும் பழைய பள்ளங்களைக் காந்தமானி வைத்துத் தேடினால் அந்த இரும்புத் துண்டுகள் கத்தித் தீர்க்கின்றன. வெடிக்காத குண்டு கிடக்கலாம் என்பதால் தோண்டுமுன் அதற்கென்று தனிச் சோதனையும் வேண்டியிருக்கிறது.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று உண்டு. முதல் உழவர்களின் பானைகள் குறைந்த சூட்டில் சுட்டவை. உழவுமண்ணுக்கு வந்துவிட்டால் பனியும் மழையும் கொழுவும் சேர்ந்து கொஞ்ச காலத்தில் அவற்றைக் கரைத்துவிடும். ரோமானியக் கூரை ஓடு அப்படியில்லை. ஆயிரம் தடவை உழுதாலும் சிவப்பாகச் சிரிக்கும். விளைவாக, மேற்பரப்பை மட்டும் நம்பி வரைந்த வரைபடத்தில் ரோமானியர் நாட்டையே நிறைத்திருப்பார்கள், கற்காலத்தவர் எங்கோ ஒண்டிக்கிடப்பார்கள். அதனால் ஓர் ஓட்டின் விளிம்பைப் பார்த்துப் படிக்கிறார்கள். உருண்டு மழுங்கியிருந்தால் அது நெடுநாள் உழவில் புரண்டது. விளிம்பு கூர்மையாக, உடைந்த முகம் புதிதாக இருந்தால் அபாயச் சங்கு: அண்மையில்தான் கொழு ஒரு பழைய குழியின் தலையைச் சீவியிருக்கிறது, அடியில் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

சரிவும் பள்ளமும் சேர்ந்து இன்னும் குழப்பும். உழுத லோயஸ் மழையில் எளிதில் அரிபடும். மேட்டில் பல இடங்களில் அரை மீட்டருக்கும் மேல் மண் போய்விட்டது. முதல் உழவர்களின் வீட்டுத் தரை என்று சொல்லத்தக்க எதுவும் இந்தப் பகுதியில் மிஞ்சாததற்கு அதுவே காரணம். மேட்டில் போன மண் பள்ளத்தில் படிந்து, அங்கிருந்த குடியிருப்பைப் போர்த்திவிட்டது. மேட்டில் நடந்தால் கை நிறையச் சில்லு, உள்ளே எலும்பும் தோலுமான தடயம். பள்ளத்தில் நடந்தால் ஒன்றும் கிடைக்காது, உள்ளே முழுசாக ஏதோ உறங்கலாம். ‘மேற்பரப்பில் எதுவும் இல்லை’ என்ற ஒரு வரி அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிடுவது, இந்தத் தொழிலில் செய்யக்கூடிய மோசமான காரியங்களில் ஒன்று.

ஆகவே கண்ணோடு வேறு கருவிகளும் சேர்கின்றன. பான் நகரின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இர்வின் ஸ்காலர் 1960 வாக்கில் சிறு விமானத்திலிருந்து ரைன்லாந்து வயல்களைப் படம் எடுக்கத் தொடங்கினார். கோடைக் காய்ச்சலில் பயிர் பேசும்: பழைய அகழி இருந்த இடத்தில் ஈரம் தங்குவதால் கோதுமை பச்சையாக உயர்ந்து நிற்கும், சுவர் புதைந்த இடத்தில் குட்டையாகி முன்பே மஞ்சளாகும். தரையில் நிற்பவருக்குத் தெரியாத கட்டடத்தின் முழு வரைபடம் மேலிருந்து தெரியும். காந்தமானியை வயல் ஆய்வுக்குப் பழக்கியதிலும் ஸ்காலர் முன்னோடி. இவற்றுக்குப் பின்னரே மண் துளைத்தல், சோதனைக் குழிகள், தேவைப்பட்டால் முழு அகழாய்வு. வரிசையில் முதலில் நிற்பது மட்டும் இன்றும் அந்த நடைதான். அதைவிட மலிவான முறை இல்லை.

இந்த நிலத்தின் பெயரைத் தொல்லியல் பாடப்புத்தகங்களில் ஏற்றியது மெர்ட்ஸ்பாஹ் என்ற சிற்றோடை. ஆல்டன்ஹோவன் சமவெளியில் திறந்தவெளிச் சுரங்கம் அந்த ஓடையை நோக்கி முன்னேறியபோது, யென்ஸ் லூனிங் வழிநடத்திய கொலோன் பல்கலைக்கழகக் குழு 1970-களில் எந்திரத்துக்கு முன்னால் ஓடிக்கொண்டே தோண்டியது. வழக்கமான அகழாய்வில் சில குழிகளை வெட்டி ஆற அமர வேலை செய்வார்கள். இங்கே அதற்கு நேரமில்லை. உழவுமண்ணை எந்திரத்தால் பரந்த அளவில் வழித்தெடுத்தார்கள். அடியில் மஞ்சள் லோயஸ் வெளிப்பட்டதும் அதில் கரும்புள்ளிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு புள்ளியும் ஏழாயிரம் ஆண்டுக்கு முன் நட்ட மரத்தூண் மக்கிப்போன குழி. புள்ளிகளைச் சேர்த்தால் நீள வீடுகள். சில 30 மீட்டரைத் தாண்டும்.

லாங்வைலர் 8 என்று எண்ணிட்ட ஓர் ஊரில் மட்டும் நூறை ஒட்டிய வீடுகளின் தடம் கிடைத்தது. எல்லாம் ஒரே காலத்து வீடுகள் அல்ல. ஒரு வீடு பழசானதும் பக்கத்திலேயே அடுத்த தலைமுறை புது வீடு எழுப்பியிருக்கிறது. சுவருக்கு மண் எடுத்த குழிகளில் பிறகு குப்பை போட்டார்கள். அந்தக் குப்பையிலிருந்த பானை அலங்காரத்தை வைத்து வீடுகளை வரிசைப்படுத்தினார்கள். ஒரு முழுப் பள்ளத்தாக்கில் முதல் குடும்பம் வந்தது முதல் ஊர்கள் கைவிடப்பட்டது வரை, தலைமுறை தலைமுறையாகச் சொல்ல முடிந்தது. கருகிய தானியத்தைப் பிரித்தெடுத்துப் படித்த கார்ல்-ஹைன்ட்ஸ் க்னோர்ட்ஸர், அவர்கள் பட்டாணி, பயறு, ஆளி, கசகசா வரை பயிரிட்டதைக் காட்டினார். பக்கத்திலிருந்த நீடர்மெர்ட்ஸ் இடுகாட்டில் மட்டும் மண் கைவிட்டது. சுண்ணாம்புச் சத்து போன லோயஸ் எலும்பைக் கரைத்திருந்தது. கல்லறைகளில் பானையும் வாய்ச்சியும் இருந்தன, ஆள் இல்லை.

லாங்வைலர் என்ற ஊரும் இப்போது இல்லை. மக்களை வேறிடத்துக்குக் குடியேற்றிவிட்டுச் சுரங்கம் அதன்மேல் போனது. கற்கால லாங்வைலரும் இருபதாம் நூற்றாண்டு லாங்வைலரும் ஒரே குழியில் போயின.

உழவுமண்ணை வழித்து ஒதுக்கியது சரியா என்ற விவாதம் பின்னால் எழுந்தது. அந்த மண்ணைச் சலித்திருந்தால், வீடுகளுக்கு இடையில் என்ன வேலை நடந்தது என்று தெரிந்திருக்கும் என்பது ஒரு வாதம். தர்க்கப்படி சரிதான். ஆனால் குழுவுக்கு இருந்த ஆண்டுகளையும் ஆட்களையும் வைத்துப் பார்த்தால், சலிக்க உட்கார்ந்திருந்தால் பாதி ஊர் கைநழுவியிருக்கும். நேரம் இல்லாத இடத்தில் உழவுமண்ணைச் சலிக்க முடியாது. ஆனால் வழித்தெடுக்குமுன் அதன்மேல் ஒழுங்காக நடந்துவிடலாம். பிற்காலத்தில் இந்தப் பகுதியில் நிலைபெற்ற முறை அதுதான்.

நடையின் எல்லையைக் காட்டும் கண்டுபிடிப்பும் இங்கேயே உண்டு. எர்க்கெலன்ட்ஸ் அருகே கூக்ஹோவன் என்ற இடத்தில், சரளை எடுக்கும் குழியால் அழியவிருந்த ஒரு கோட்டுப்பானை ஊரைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். 1990-ன் இறுதியில் ஒரு குழி ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது. சுமார் 13 மீட்டர் ஆழக் கிணறு அது. கருவாலிப் பலகைகளை மூலைக்கு மூலை கோத்துப் பெட்டி போலக் கட்டியிருந்தார்கள். நீருக்குள் மூழ்கியிருந்ததால் மரம் மக்கவில்லை. ஆண்டு வளையங்களை எண்ணியபோது மரம் வெட்டிய ஆண்டே கிடைத்தது: பொ.யு.மு. 5090. பட்டையால் செய்த நீர் மொள்ளும் பைகளும் மரக் கருவிகளும் உள்ளே இருந்தன. உலகின் மிகப் பழைய மரக்கட்டுமானங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. பிறகு செக் நாட்டில் இன்னும் பழைய கிணறு கிடைத்தது வேறு கதை. மேலே கிடக்கும் சில்லுகளை எத்தனை முறை பொறுக்கினாலும் இப்படி ஒரு கிணறு அடியில் இருப்பது தெரியாது. நடை சொல்வது ‘இங்கே ஊர் இருந்தது’ என்பதை மட்டும்தான். அந்த ஒரு வரி இல்லாமல் யாரும் அங்கே மண்வெட்டியை இறக்கியிருக்கவும் மாட்டார்கள்.

இண்டன் சுரங்கத்தின் விளிம்பில் இன்னும் ஆழமான காலம் வெளிப்பட்டது. இண்டன்-ஆல்ட்டோர்ஃப் என்ற இடத்தில் சுமார் 1,20,000 ஆண்டுக்கு முந்தைய நியாண்டர்தால் மனிதர்களின் கருவிகள். சிலவற்றில் கல்லைக் கைப்பிடியோடு ஒட்டப் பயன்பட்ட பிர்ச் மரப் பிசினின் எச்சம். இதெல்லாம் கலப்பை எட்டாத ஆழத்தில் இருந்தவை.

ஹம்பாஹ் காடு நல்ல ஒப்பீடு தருகிறது. ரோமானியர் காலத்தில் அதுவும் வயல்தான். கொலோன் நகருக்கும் ரைன் கரைப் படைமுகாம்களுக்கும் தானியம் அனுப்பிய பண்ணை வீடுகள் அங்கே நெருக்கமாக இருந்தன. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் சில பண்ணைகளில் கண்ணாடி உலைகள் எரிந்தன. ரோமானியருக்குப் பிறகு காடு மூடிக்கொண்டது, கலப்பை உள்ளே வரவில்லை. ஆகவே சுரங்கத்துக்காகக் காட்டை வெட்டியபோது பண்ணைகளின் அடித்தளமும் உலைகளும் பக்கத்து வயல்களைவிட நன்றாகவே கிடைத்தன. கலப்பையின் சேதம் எவ்வளவு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம். காட்டுக்குள் மேற்பரப்பாய்வு செய்வதோ பெரும்பாடு. இலைச்சருகுக்கு அடியில் எதுவும் தெரியாது. காக்கப்பட்ட இடம் கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிகிற இடம் அழிந்துகொண்டிருக்கிறது. தொல்லியலாளர்கள் ஆண்டாண்டாகப் படும் அவஸ்தை இது.

சட்டம் என்ன சொன்னது? 2022 வரை நடப்பிலிருந்த, நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் 1980-ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்தில் சுரங்கத்துக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதன்படி, கனிமம் எடுக்க ஒதுக்கிய நிலத்தில் தொல்லியல் துறை சுரங்கத்தைத் தடுக்க முடியாது. ஆனால் தோண்டுமுன் ஆராயவும் மீட்கவும் உரிய காலத்தில் வாய்ப்புத் தர வேண்டும். 1990-ல் மாநிலமும் வட்டார நிர்வாகமும் சுரங்க நிறுவனமும் சேர்ந்து இதற்கென ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தின. அழிப்பவரே ஆய்வுக்கும் பணம் தருவது உறுத்தலான ஏற்பாடு. எனினும் பல நாடுகளில் இருக்கும் நிலையை நினைத்தால் இதுவே பெரிது. இத்தனைக்குப் பிறகும் சுரங்கம் விழுங்கிய நிலத்தில் முறையாகத் தோண்ட முடிந்தது சிறு பங்குதான். எதைத் தோண்டுவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க முன்கூட்டியே செய்த அந்த நடைதான் பெரும்பாலும் கைகொடுத்தது. மேற்பரப்பாய்வை ஒரு சடங்காக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சுரங்கம் கடந்துபோன நிலத்தின் கதி விநோதமானது. நிலக்கரி எடுத்து முடித்த பகுதியை நிரப்பி, மேலே குறைந்தது இரண்டு மீட்டர் லோயஸைப் போட்டு மீண்டும் வயலாக்குகிறார்கள். சில ஆண்டுகளில் கோதுமை அசைகிறது. வெளியூர்க்காரர் பார்த்தால் ஆதியிலிருந்து வயல் என்றே நினைப்பார். அந்த மண் வேறெங்கோ வெட்டி எடுத்தது. அதில் ஒரு ரோமானிய ஓடு கிடந்தால், அது எந்த ஊருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. கலப்பையால் சில மீட்டர் நகர்ந்த ஓட்டுக்கும், எந்திரத்தால் பல கிலோமீட்டர் நகர்ந்த ஓட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ‘உழுத நிலம்தானே’ என்று தள்ளிவிடுபவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

இப்போது காட்சி மாறுகிறது. ரைன்லாந்தில் பழுப்பு நிலக்கரி எடுப்பதை 2030-ல் முடித்துக்கொள்வதாக 2022 அக்டோபரில் உடன்பாடு ஏற்பட்டது. லுட்ஸெராத் என்ற சிற்றூர் 2023 ஜனவரியில் போராட்டங்களுக்கு நடுவே காலிசெய்யப்பட்டது. கெயன்பெர்க், கூக்கும் உள்ளிட்ட ஐந்து ஊர்கள் தப்பின. ஹம்பாஹ் காட்டில் எஞ்சியதும் தப்பியது. தப்பிய ஊர்களைச் சுற்றி உள்ள வயல்களும் அதே லோயஸ், அதே ஏழாயிரம் ஆண்டு. சுரங்கம் வராததால் அங்கே சுரங்கத்துக்கு முந்தைய கட்டாய ஆய்வு இல்லை. வழக்கமான உழவுக்கு யாரும் தொல்லியல் அனுமதி கேட்பதும் இல்லை. ஆண்டுதோறும் சரிவில் கொஞ்சம் மண் இறங்கும், கொழு கொஞ்சம் புதிய மண்ணைத் தொடும், கரும்புள்ளிகளின் ஆழம் கொஞ்சம் குறையும். சுரங்க ஓரத்தில் காட்டிய அவசரத்தில் பத்தில் ஒரு பங்கை இந்த வயல்களிலும் காட்டலாம். அதற்கு வேண்டியது சில குளிர்காலங்களும், நடக்கத் தெரிந்த சிலரும், நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதமும்தான்.